ஆடு தாண்டும் பிளவு

பெங்களூர் லால்பாகில் கெம்பகவுடா கோபுரத்தைச் சுமந்து நிற்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறது. காலை நடைக்கு வருபவர்கள் அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். இத்தனை கிழட்டுப் பாறை இனி எங்கே அசையப்போகிறது என்பதுதான் ஊரின் பொதுவான நம்பிக்கை.

கனகபுரா சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே போனால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. பெங்களூர் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில். நந்தி மலையில் பிறந்த அர்க்காவதி காவிரியோடு கலக்கும் சங்கமத்தில் அதில் பாதிகூட இல்லை. பரிசலில் ஆற்றைக் கடந்து, எலும்பை எண்ணவைக்கும் பாதையில் சில கிலோமீட்டர் போனால் மேக்கேதாட்டு. கன்னடத்தில் ‘மேக்கே’ என்றால் ஆடு, ‘தாட்டு’ என்றால் தாண்டு. தமிழில் ஆடுதாண்டும் காவிரி என்பார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே வைக்காத பெயர். அதுவரை அகலமாகச் சோம்பிக் கிடந்த ஆறு இங்கே பாறை இடுக்கில் நுழைந்து உறுமுகிறது. வெள்ளத்தில் சுழன்ற கூழாங்கற்கள் பாறையை உரல் உரலாகக் குடைந்திருக்கின்றன.

சமவெளிக்கு வந்த கிழ ஆறு நிதானமாக நடக்க வேண்டும். ஆனால் காவிரி பீடபூமியின் விளிம்பில் இளம் மலையாறு போல நடந்துகொள்கிறது. சிவசமுத்திரத்தில் 300 அடி அளவுக்கு விழுகிறது (1902 இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்தது இந்த வீழ்ச்சிதான்). பிறகு மேக்கேதாட்டு, பிறகு ஒகேனக்கல். ஏன்?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் கே.எஸ். வால்தியா. இமயமலை ஆய்வில் பெயர் பெற்ற இந்த நிலவியலாளர், பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் இருந்தபோது மைசூர் பீடபூமியின் பக்கம் திரும்பினார். நிலப்பிளவு என்பது பாறை உடைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறியோ இறங்கியோ விலகியோ நகர்ந்த கோடு. பழைய பிளவுகள் சில, நிலவியல் கணக்கில் நேற்று என்று சொல்லத்தக்க காலத்தில் மீண்டும் அசைந்தன என்பது அவர் வாதம். ஒரு பக்க நிலம் உயர்ந்து காவிரியையும் அர்க்காவதியையும் ஷிம்ஷாவையும் மறித்தது. தண்ணீர் தேங்கி ஏரிகள் உண்டாயின. பின்னர் ஆறுகள் தடையை அறுத்துக்கொண்டு வெளியேறின. ஏரிகளின் மிச்சம் அங்கே கிடக்கும் களிமண் படிவுகள். 2020 இல் வால்தியா காலமானார். விவாதம் முடியவில்லை. நிலம் அசையத் தேவையில்லை, கடினப் பாறையை ஆறு மெல்ல அரித்தாலே அருவி உண்டாகும் என்பவர்களும் உண்டு. ஆற்றங்கரையில் நின்று பார்க்கும் எனக்கு வால்தியாவின் கதைதான் பொருந்துவதாகப் படுகிறது.

மேலே அறுத்த மண் கீழே எங்கே போகிறது? அங்கேயும் பிளவுகளின் கைவேலைதான். 13, 14 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா பெருநிலம் உடைந்தபோது, இன்றைய தமிழகக் கடலோரம் துண்டு துண்டாகச் சரிந்தது. சில துண்டுகள் மேடாக நின்றன, சில பள்ளமாக இறங்கின. அரியலூர்–புதுச்சேரி பள்ளம், கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம் என்று எண்ணெய்த் துறையினர் அவற்றுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கடலும் ஆறுகளும் அந்தப் பள்ளங்களை நிரப்பின. சில இடங்களில் படிவு 5 கிலோமீட்டருக்கும் மேல் கனம். அரியலூர் சிமெண்டுக்கான சுண்ணாம்புக் கல்லும் நரிமணம் எண்ணெயும் அந்தப் பள்ளங்கள் கொடுத்தவை. தஞ்சை வயல் அதன் மேல்தோல்.

பீடபூமியில் இருப்பவர்களுக்கு இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் பகுதியில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தபோது, நிலநடுக்க வரைபடத்தில் அது ஆபத்து மிகக் குறைந்த ஒன்றாம் மண்டலம். 2002 இல் அந்த மண்டலமே ஒழிக்கப்பட்டது. பெங்களூர் இரண்டாம் மண்டலத்தில் வந்தது.

அதே பெங்களூரின் குடிநீருக்காக மேக்கேதாட்டில் 67 டி.எம்.சி. அணை கட்டக் கர்நாடகம் திட்டமிட்டிருக்கிறது; தமிழகம் எதிர்க்கிறது. டி.எம்.சி. கணக்கு முழங்குகிற அளவுக்குப் பாறையின் கணக்கு காதில் விழுவதில்லை. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் அணை நீர் தேங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில், பெரிய நிலநடுக்கம் வந்தது. தேங்கிய நீரே அதைத் தூண்டியது என்பது நிலநடுக்கவியலாளர்களின் பரவலான கருத்து. எல்லா அணையும் கொய்னா ஆகிவிடாது. ஆனால் ஆடு தாண்டும் அந்த இடுக்கு எப்படி உண்டானது என்ற கேள்விக்கு, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே விடை கிடைத்தாக வேண்டும்.