மதம் மாறாமல் புத்தர் வழியில் நடக்க முடியுமா?

1955-ம் ஆண்டு. பர்மாவின் அன்றைய தலைநகரம் ரங்கூன். அங்கே வாழ்ந்த சத்திய நாராயண கோயங்காவுக்கு அப்போது வயது 31. மார்வாடிக் குடும்பம், செழிப்பான தொழில், ஊரில் நல்ல பெயர். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். ஒற்றைத் தலைவலி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ஆளையே புரட்டிப்போடும். மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும்.

ஊசியே பழக்கமாகிவிடுமோ என்று மருத்துவர்களுக்குப் பயம். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று நாடு நாடாகப் போய் வந்தார். பணம் செலவானதுதான் மிச்சம். அப்போதுதான் நண்பர் ஒருவர் ஊ பா கின் என்பவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

ஊ பா கின் துறவி இல்லை. குடும்பஸ்தர், அரசு அதிகாரி. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றபோது அதன் முதல் அக்கவுன்டன்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றவர். கணக்கும் கோப்புமாக இருந்த அலுவலகத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி, ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையத்தையும் தொடங்கியிருந்தார்.

கோயங்கா தன் தலைவலியைச் சொன்னார். வந்த பதில் அவர் எதிர்பாராதது. ‘தலைவலிக்காக வருவதாக இருந்தால் வர வேண்டாம். மனதைச் சுத்தம் செய்துகொள்ள வருவதாக இருந்தால் வாருங்கள். தலைவலி போனால் அது கூடவே கிடைக்கும் லாபம்’ என்ற பொருளில் சொல்லிவிட்டார் ஊ பா கின்.

பேச்சு பிடித்திருந்தது. ஆனால் கோயங்காவின் மனதில் வேறொரு பயம். அவர் பக்தியுள்ள இந்து. பகவத் கீதையைப் பற்றி மேடையில் பேசியவர். சொந்த தர்மத்தை விட்டுப் போவது பெரிய பாவம் என்று கேட்டு வளர்ந்தவர். போன இடத்தில் புத்த மதத்துக்கு மாற்றிவிட்டால்? வீட்டில் என்ன சொல்வது? சமூகம் என்ன சொல்லும்?

இதற்கும் ஊ பா கின் வாதம் செய்யவில்லை. மூன்றே கேள்விகள்தான். ஒழுக்கத்தோடு வாழ்வதில் உங்கள் மதத்துக்கு ஆட்சேபம் உண்டா? மனதை ஒருமுகப்படுத்துவதில்? உள்ளதை உள்ளபடி பார்க்கும் அறிவை வளர்த்துக்கொள்வதில்? எதிலும் ஆட்சேபம் இல்லை. ‘நான் சொல்லிக்கொடுப்பது இந்த மூன்றையும்தான். வேறெதுவும் இல்லை’ என்றார் அவர்.

சீலம், சமாதி, பஞ்ஞா என்று பாலி மொழியில் சொல்லப்படும் அந்த மூன்றை நம்பி, பத்து நாள் பயிற்சியில் சேர்ந்தார் கோயங்கா. இரண்டாம் நாளே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். உடன் பயிற்சி செய்த ஒரு பெண்மணி, இன்னும் ஒரு நாள் இருந்து பாருங்கள் என்று சொன்னதால் தங்கினார். தலைவலி விட்டது. அதைவிடப் பெரிதாக அவர் பிற்காலத்தில் சொன்ன மாற்றம் வேறு. தான் பெரிய கோபக்காரராக இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டவர். அந்தக் கோபம் குறையத் தொடங்கியது.

அடுத்த 14 ஆண்டுகள் ஊ பா கினிடம் கற்றார். 1960-களில் பர்மாவின் ராணுவ அரசு தொழில்களை நாட்டுடைமையாக்கியபோது அவருடைய தொழிலும் கைவிட்டுப் போனது. தியானத்துக்கு நேரம் கிடைத்ததே என்று அதை எடுத்துக்கொண்டார். 1969-ல் அம்மாவின் உடல்நிலைக்காக இந்தியா வந்தார். பெற்றோரும் இன்னும் சிலரும் சேர்ந்த ஒரு சிறு குழுவுக்கு மும்பையில் ஒரு தர்மசாலையில் முதல் வகுப்பு நடத்தினார். 1976-ல் நாசிக் அருகே இகத்புரியில் மையம் வந்தது. இன்று சென்னையை அடுத்த திருமுடிவாக்கம் உட்பட உலகின் பல ஊர்களில் இதே பத்து நாள் பயிற்சி நடக்கிறது. 2013-ல் மறையும்வரை மனைவி இலாய்ச்சி தேவியுடன் சேர்ந்து கற்பித்துவந்த கோயங்கா, வந்தவர்கள் யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. புத்தர் கற்றுக்கொடுத்தது தம்மத்தைத்தானே தவிர ‘புத்த மதத்தை’ அல்ல என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து.

மூச்சில் தொடங்கும் பாடம்

பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது. செல்போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாள் ஒன்றுக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம். அந்தப் பத்து நாள் மட்டும் பூஜை, ஜபமாலை, மந்திரம், தொழுகை எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் தொடர்வது அவரவர் விருப்பம். கட்டணம் கிடையாது. பயிற்சியை முடித்தவர்கள் விரும்பிக் கொடுக்கும் பணத்தில்தான் அடுத்து வருபவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள்.

முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டுமே வேலை. இது பிராணாயாமம் இல்லை. மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். அது பாட்டுக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்காம் நாளில் இருந்து, தலை முதல் கால்வரை உடம்பில் தோன்றும் உணர்வுகளைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அரிப்பு, சூடு, வலி, சிலிர்ப்பு. எது வந்தாலும் அது மாறிவிடும் என்று தெரிந்துகொண்டு, அதன் பின்னால் ஓடாமல் இருக்க வேண்டும்.

இதனால் என்ன பயன்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவினர் ஒருவர் குத்தலாக ஒரு வரி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படித்த நொடியில் காது சூடாகிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல் தானாகவே பதில் தட்டத் தொடங்குகிறது. அந்த வரிதான் நம்மைக் கோபப்படுத்தியது என்று நினைக்கிறோம். அந்த வரியைப் படித்ததும் உடம்பில் எழுந்த எரிச்சலைத் தாங்க முடியாமல்தான் பதில் தட்டுகிறோம் என்கிறது புத்தரின் உளவியல். அந்த எரிச்சலைக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்கத் தெரிந்தவருக்கு, பதில் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க ஓர் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லை.

சிறைக்கூடங்களிலும் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1975-ல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் கைதிகளுக்குப் பயிற்சி நடந்தது. டெல்லி திகார் சிறையில் கிரண் பேடி பொறுப்பில் இருந்தபோது, 1994-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பல மதத்தவரும் இருந்தார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் யுவால் நோவா ஹராரி, மத நம்பிக்கை இல்லாதவர். 2000-ம் ஆண்டில் இருந்து இந்தத் தியானத்தைச் செய்துவருகிறார். தன் ‘ஹோமோ டியஸ்’ நூலைக் கோயங்காவுக்கே சமர்ப்பித்திருக்கிறார்.

எதை விடலாம், எதை விட முடியாது?

‘மதம் வேண்டாம், தத்துவம் மட்டும் போதும்’ என்று சொல்பவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வது தியானத்தை. எளிதாக விட்டுவிடுவது சீலத்தை. ஆனால் ஊ பா கின் அடுக்கிய மூன்றில் முதலில் நிற்பது அதுதான்.

ஐந்து சீலங்கள் கேட்பதற்கு எளியவை. உயிரைக் கொல்லாதிருப்பது, கொடுக்காததை எடுக்காதிருப்பது, தவறான பாலுறவைத் தவிர்ப்பது, பொய் சொல்லாதிருப்பது, போதையைத் தொடாதிருப்பது. இவற்றை ஒரே ஒரு நாள் கடைப்பிடித்துப் பார்த்தால் தெரியும் சங்கதி. வீட்டில் சட்டை போட்டுக்கொண்டே ‘வந்துட்டே இருக்கேன், பக்கத்துல வந்துட்டேன்’ என்று போனில் சொல்வது பொய் கணக்கில் வரும். கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்த கூடுதல் சில்லறையைச் சத்தமில்லாமல் பையில் போடுவது, கொடுக்காததை எடுத்த கணக்கில் வரும். ‘விசேஷத்துக்கு மட்டும்தான்’ என்பதும் போதைதான். கொசு பேட்டை எடுக்கும் கை ஒரு நிமிடம் யோசிக்கும்.

இவை யாரோ மேலே இருந்து போட்ட கட்டளைகள் அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். மீறினால் தண்டிக்க எந்தத் தெய்வமும் காத்திருக்கவில்லை. பொய் சொன்ன மனம் அமைதியாக உட்காராது. அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பத்து நாள் பயிற்சியும் இந்த ஐந்தை ஏற்றுக்கொள்வதில் தொடங்குகிறது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட முடியாது.

அந்தத் தொடக்கத்திலேயே புத்தம், தம்மம், சங்கம் மூன்றிடமும் சரணம் சொல்லச் சொல்கிறார்கள். பாலி மொழிப் பாடல்களும் ஒலிக்கின்றன. ‘இது மதம் இல்லாமல் வேறென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சரணம் புத்தர் என்ற மனிதரிடம் இல்லை, விழிப்பு என்ற குணத்திடம் என்று விளக்கம் தருகிறார் கோயங்கா. இந்த விளக்கம் சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. போதாதவர்கள் போலியாகச் சொல்லிவிட்டு உட்காருவதைவிட, நேராகக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கேசபுத்தம் என்ற ஊரில் வாழ்ந்த காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பரம்பரையாக வந்தது, நூலில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்க வேண்டாம். அதே மூச்சில் அளவுகோலையும் கொடுத்தார். அது பேராசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்க்கிறதா, குறைக்கிறதா என்று பாருங்கள் என்றார். ‘பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்’ என்று அவர் அனுமதி கொடுத்ததாக இதைப் படிக்க முடியாது.

மதமாகவே வேண்டும் என்றவர்கள்

கோயங்கா தியானத்தில் உட்காருவதற்கு முந்தைய ஆண்டு, 1954 டிசம்பரில், இன்னோர் இந்தியர் அதே ரங்கூனுக்கு உலக பௌத்த மாநாட்டுக்காக வந்திருந்தார். அவர் டாக்டர் அம்பேத்கர். இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935-ல் இயோலாவில் அறிவித்தவர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு புத்த மதம் தழுவினார். தமிழ்நாட்டில் அதற்கும் வெகுகாலம் முன்பே, 1898-ல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

இவர்களிடம் போய், ‘தத்துவம் மட்டும் போதாதா, மதம் எதற்கு?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கோயங்காவுக்கு அவருடைய மதம் மரியாதையான ஓர் இடத்தைக் கொடுத்திருந்தது. அதில் இருந்துகொண்டே இன்னொன்றைக் கற்க முடிந்தது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு, குளத்தில் தண்ணீர் எடுக்க விடாமல் விரட்டப்பட்டவர்களுக்கு, பழைய பெயரே காயம். அவர்களுக்குப் புதிய பெயர் தேவைப்பட்டது. சேர்ந்து நிற்கச் சங்கம் தேவைப்பட்டது. திருமணத்துக்கும் சாவுக்கும் தமக்கென ஒரு சடங்கு தேவைப்பட்டது. ‘நான் மதம் மாறவில்லை, வழியை மட்டும் எடுத்துக்கொண்டேன்’ என்று சொல்ல முடிவது எல்லோருக்கும் கிடைத்த வசதி அல்ல. அப்படிச் சொல்பவர்கள், மாறியவர்களைக் குறைத்துப் பேசாமல் இருப்பதும் சீலத்தில் சேர்த்திதான்.

இரண்டு பாதைகளும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. தன் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர், தம்மத்தில் கடவுளின் இடத்தில் இருப்பது அறமே என்று விளக்குகிறார். ஊ பா கினும் ஒழுக்கத்தைத்தான் முதலில் வைத்தார். மதமாக ஏற்றாலும் வழியாக மட்டும் ஏற்றாலும், அறத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு

நண்பர் போனார், நாமும் போவோம் என்று எடுத்த எடுப்பில் பத்து நாள் பயிற்சிக்குக் கிளம்ப வேண்டியதில்லை. தீவிர மனநலப் பிரச்னைக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. விண்ணப்பத்தில் இதை மறைக்காமல் எழுதச் சொல்லி மையங்களே கேட்கின்றன. தியானம் மருந்துக்கு மாற்று இல்லை.

வீட்டிலேயே தொடங்கலாம். தினமும் பத்து நிமிடம், இயல்பான மூச்சு வந்து போவதைக் கவனிக்கலாம். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கூட்டிவரலாம். அதோடு ஐந்து சீலங்களில் ஒன்றை மட்டும் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பொய் சொல்லாதிருப்பது நல்ல தொடக்கம். பூஜையறை விளக்கை அணைக்க வேண்டியதில்லை. விளக்கே ஏற்றாதவர் புதிதாக ஏற்றவும் வேண்டியதில்லை.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரியும்? கண்ணை மூடியதும் வெளிச்சம் தெரிகிறதா, உடம்பு மிதக்கிறதா என்று பார்க்க வேண்டாம். முன்பு மூன்று நாள் நீடித்த கோபம் இப்போது மூன்று மணி நேரத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் உங்களுக்கே சரியாகத் தெரியாது. கூடவே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.