கல்லாய்ச் சமைந்த யானை

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் செல்வோர், ஒத்தக்கடையை நெருங்கியதும், படுத்துக்கிடக்கும் யானையென நீண்டதொரு பாறையைக் காண்பர். அதுதான் யானைமலை.

அதற்கொரு கதை உண்டு. மதுரையை அழிக்கச் சமணர் வேள்வி வளர்த்து யானையை ஏவினராம், சோமசுந்தரர் அம்பெய்தாராம், யானை கல்லாய்ச் சமைந்ததாம்! திருவிளையாடற் புராணம் அதோடு விட்டதா? மேற்கே நாகமலை - சமணர் ஏவிய பாம்பாம். பசுமலை - மாயப் பசுவாம். எறும்புக்கும் தீங்கெண்ணாத நோன்பினர், வேள்வியை வெறுத்தவர், வேள்விக் குண்டத்தில் கொலைவிலங்கு படைத்தனராம்! பகைவனின் கொள்கை இன்னதென்று கேட்டறியும் பொறுமைகூடக் கதை கட்டியவருக்கு இல்லை.

அந்த மலைமீதே ஏறிப் பார்த்தோம். குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழி எழுத்து, அவ்விடத்தை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. பரஞ்சோதியார் புராணம் பாடுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, அம்பும் வேள்வியும் இன்றி, உருவத்தால் மட்டுமே அது யானைக்குன்றம்! அங்குத் தங்கிய துறவியர் பெயரும் கல்லில் இருக்கிறது. ஏவல் யானை மட்டும் இல்லை.

அழகர்மலைக்குச் செல்லுங்கள். கள்ளழகரைக் காணத் திரளும் கூட்டத்தில், கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள குகைத்தளத்தை எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? அங்கே கொடையளித்தோர் யார்? மதிரைப் பொன்கொல்லன், உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன். கொழு என்பது ஏர்முனை இரும்பு. அறுவை என்பது துணி. உழைப்பும் வணிகமும் செய்தோர், தம் பெயரோடு தொழிலையும் கூசாமல் பொறித்திருக்கின்றனர். பிறப்பைச் சொல்லித் தலைநிமிரும் வழக்கம் அங்கு நம் கண்ணில் படவில்லை. மாங்குளத்திலோ நெடுஞ்செழியன் பணியாளும், வெள்ளறை நிகமம் என்னும் வணிகர் குழுவும் துறவியர்க்கு உறைவிடம் அமைத்துத் தந்தனர்.

அருகிலேயே அரிட்டாபட்டி. தமிழிக் கல்வெட்டும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலச் சிவன் குடைவரையும் அம்மலையில் உள்ளன. 2022இல் தமிழக அரசு அதனைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு அவ்வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வெளியாயிற்று. மலையைக் காக்க அம்பு எய்ய எவரும் வானிலிருந்து இறங்கவில்லை. மேலூர் வட்டாரத்து உழவரும் வணிகரும் பெண்களும்தான் 2025 சனவரியில் மதுரை நோக்கிப் பேரணியாய் நடந்தனர். அம்மாதமே ஏலம் கைவிடப்பட்டது.

இந்த நான்கு மலைகளும் மதுரைக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் அடுத்தடுத்தே உள்ளன. தோழர்களே, போகும்போது தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். குகைச் சுவரில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். உப்பு வணிகன் பெயருக்கே இனி அங்கு இடம் போதாது.