நாலு ‘ஞ்’

1976-ல் கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். போஸ்டருக்கான பெரிய எழுத்துக் கேஸில் ‘ஞ்’ மொத்தமே நாலுதான். தஞ்சாவூர், நஞ்சை, பஞ்சாயத்து என்று அந்த எழுத்து இல்லாமல் எங்கள் பக்கத்தில் பிழைப்பு ஓடாது. அந்த நாலுக்கும் புதிதாக ஒரு பங்காளி வந்து சேர்ந்தார்: சஞ்சய் காந்தி.

ஜூன் 12 என்றால் எங்களுக்கு மேட்டூர் திறக்கும் நாள். 1975-ல் அதே தேதியில்தான் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றி செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். 25-ம் தேதி இரவே நெருக்கடி நிலை. அம்மா பிரதமர், மகனுக்குப் பதவி ஒன்றும் கிடையாது, எம்.பி.கூட இல்லை. ஆனாலும் வடக்கே முதலமைச்சர்கள் அவர் முன்னால் கைகட்டி நின்றார்கள்.

தி.மு.க. ஆட்சி இருந்தவரை அவர் பெயர் எங்கள் அச்சகத்துக்கு வரவில்லை. 1976 ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்தார்கள். அம்மாவின் 20 அம்சத் திட்டம் போஸ்டராக வந்தது; பின்னாலேயே மகனின் 5 அம்சமும் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு, மரம் நடுதல், வரதட்சணை ஒழிப்பு, எழுத்தறிவு, சாதி ஒழிப்பு. முதலில் அம்மா பெயருக்குக் கீழே சிறிசாக இருந்த மகன் பெயர், போகப் போக அம்மாவுக்குச் சமமாகப் பெருத்தது.

அந்த ஐந்தில் எங்கள் தெருவரைக்கும் வந்து கதவைத் தட்டியது முதலாவதுதான். என் அத்தான் வாத்தியார். ஒரு நாள் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“மாப்ள, ரெண்டு கேஸ் வேணும்டா.”

“எந்தக் கேஸு அத்தான், எழுத்துக் கேஸா?”

அவர் சிரிக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஆள் பிடித்துக் கொடுக்காவிட்டால் சம்பளம் நிற்கும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இருந்த மூணு மா நிலத்தில் நாற்றுப் பறிக்க வருபவரை அழைத்துப் போனோம். அவருக்குப் பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். வயது அறுபதை ஒட்டி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வயது என்ற இடத்தில் 45 என்று எழுதினேன். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து வாய்க்கால் மதகில் மெதுவாக உட்கார்ந்தார். “தம்பி, நாளைக்கு நாத்துப் பறிக்க வரலாமுல்ல?” என்று மட்டும் கேட்டார்.

வடக்கே நடந்ததோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள். அங்கே ஆட்களை லாரியில் அள்ளிப் போனார்கள். நாடு முழுக்க அந்த ஒரு வருஷத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை செய்தார்கள். அதில் ஒருவர் எங்கள் வயல்காரர். அந்த 45 என் கை எழுதியது.

1977 மார்ச்சில் ரேபரேலியில் அம்மா தோற்றார், அமேதியில் மகன் தோற்றார். தமிழ்நாட்டிலோ அவர்களோடு சேர்ந்த எம்.ஜி.ஆர். கூட்டணிக்கு 39-ல் 34. அந்த மகனை இறக்கியதில் எங்கள் டெல்டாவுக்கு ஒரு பங்கும் கிடையாது. நானும் அந்தக் கூட்டணிக்குத்தான் போட்டேன். வாளி வாங்கியவரைக் கேட்டேன். எம்.ஜி.ஆர். சொன்ன சின்னத்துக்குத்தான் என்றார்.

1979-ல் தஞ்சாவூர் இடைத்தேர்தலில் இந்திரா நிற்கப்போகிறார் என்று பேச்சு கிளம்ப, முதலாளி காகிதம்கூட வாங்கி அடுக்கினார். எம்.ஜி.ஆர். பின்வாங்கியதால் அது நடக்கவில்லை. 1980 ஜனவரித் தேர்தலில், அன்று ஆட்சி கலைக்கப்பட்ட அதே தி.மு.க.வே காங்கிரசோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டது. அந்த போஸ்டரையும் நான்தான் கோத்தேன். அமேதியில் மகனும் இந்தத் தடவை ஜெயித்தார்.

ஜூன் 23 காலையில் டெல்லியில் அவர் ஓட்டிய சின்ன விமானம் விழுந்து நொறுங்கியது. வயது 33. மத்தியானமே ஆர்டர் வந்துவிட்டது. அதற்குள் நாலு ‘ஞ்’-இல் ஒன்று மூக்கு உடைந்து கிடந்தது. சஞ்சய்க்கு ஒன்று, அஞ்சலிக்கு ஒன்று, தஞ்சை மாவட்டத்துக்கு ஒன்று. சரியாக இருந்தது.

மறுநாள் மண்ணெண்ணெயில் கழுவி, பிரித்து, கேஸில் போட்டேன். அடுத்து ஏதோ பஞ்சாயத்து நோட்டீஸ் காத்திருந்தது.