முதுமைக்கு எந்த ஊர்?

ஓய்வு பெற்றபின் எங்கே குடியேறுவது என்பது மாத ஊதியம் வாங்கியவர்களுக்கே உரிய கேள்வி. பழவேற்காட்டு மீனவருக்கு ஓய்வு என்று ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. உடல் தளர்ந்தால் கடலை விட்டு ஏரிக்கு வருவார். ஏரியும் ஒத்துவராதபோது கரையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிபார்ப்பார். அவருடைய இடப்பெயர்ச்சியெல்லாம் இந்தச் சில நூறு கெஜ தூரந்தான்.

பிறந்தது அங்கேயாயினும், சென்னையில் 34 ஆண்டுகள் எழுத்தராய்ப் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறும் எனக்கு அக்கேள்வி வந்துவிட்டது.

வந்தேறுவதும் வெளியேறுவதும் எங்கள் ஊருக்குப் புதிதன்று. மகிமை மாதா ஆலயம் 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்ததென்பர். 1613-இல் டச்சுக்காரர் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அவர்களது கல்லறைத் தோட்ட வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இன்றும் நிற்கின்றன. பொருளீட்டித் தாயகம் திரும்பும் எண்ணத்தோடு வந்தோர் எத்தனை பேரோ, இந்த உவர் மண்ணிலேயே உறங்குகின்றனர். பின்னர், 1969-இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு விண்வெளி நிலையத்திற்கெனத் தெரிவு செய்யப்பட்டபோது, அங்கு வாழ்ந்தோர் வீடு வாசலை விட்டு அகன்றனர். அவர்களுள் முதியோரிடம் எந்த ஊர் பிடிக்கும் என்று எவர் கேட்டிருப்பர்?

இன்று விருப்பப்படி இடம் தேடுவோர் பெரும்பாலும் பொன்னேரி, மீஞ்சூர், திருவொற்றியூர் எனப் புகைவண்டிப் பாதையைப் பற்றிக்கொண்டே குடியேறுகின்றனர். அதைக் குறை கூற மாட்டேன். மருத்துவரும் மருந்துக் கடையும் அருகிருக்க வேண்டும்; பேரப்பிள்ளைகள் மாலைக்குள் வந்து திரும்ப வேண்டும். பழவேற்காட்டிற்கோ பொன்னேரியில் இறங்கி இன்னும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சாலையில் செல்ல வேண்டும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின், அலை அருகே வீடு என்றாலே பிள்ளைகள் அஞ்சுகின்றனர்.

மறைநூலில் இருவகையும் உண்டு. ஆபிரகாம் காரானை விட்டுப் புறப்பட்டது 75-ஆம் வயதில். நகோமியோ கணவனையும் இரு புதல்வரையும் மோவாபில் இழந்தபின், சொந்த ஊரான பெத்லகேமுக்கே திரும்பினாள். புதிய ஊருக்குச் செல்வதுதான் விசுவாசம் என்றோ, பழைய ஊருக்குத் திரும்புவதுதான் பற்று என்றோ எவரும் சட்டம் வகுக்க முடியாது. நகோமிக்கு உடன்வர ரூத்து இருந்தாள் என்பதை மட்டும் நாம் கவனித்தல் நலம்.

என் அண்ணனுக்கு வயது 74. அண்ணி இறந்தபின் தனியே இருக்கிறார். திருவொற்றியூரில் உள்ள மகன் பலமுறை அழைத்தும் போகவில்லை. “அங்கே வந்து நான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது, தம்பி?” என்றார். ஏரியைப் பார்த்தே விடிந்த கண்களுக்கு எதிர்வீட்டுச் சுவரைக் காட்டினால் என்ன செய்யும்? ஆகவே நாமே அங்குப் போய் அவருடன் இருப்போம் என்று எண்ணினேன். நீரிழிவு நோயுள்ள என் மனைவி ஒரே வார்த்தையில் மடக்கினாள்: “நடுஇரவில் எனக்கு மயக்கம் வந்தால் உங்கள் ஏரியா தூக்கிக்கொண்டு ஓடும்?”

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பெற்றோருக்குப் பணம் அனுப்பத் தவறுவதில்லை. ஆனால் முதியவருக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துத் தரவும், நோயில்பூசுதலுக்குப் பங்குத்தந்தையை அழைக்கவும் பக்கத்தில் ஒருவர் வேண்டுமே! நம் பங்குகளில் உள்ள அன்பியங்கள் தனித்திருக்கும் முதியோரின் வீடுகளை முறைவைத்துக் கவனித்தால், பிள்ளைகளின் பாதிக் கவலை தீரும்.

முடிவில் பொன்னேரியில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். வைகாசியில் குடிபோகிறோம். வாரம் இருமுறை நான் பழவேற்காடு சென்று வரலாம். அண்ணனுக்கென ஓர் அறை ஒதுக்கியுள்ளோம். “மழைக்காலத்திற்கு மட்டும் வருகிறேன்” என்று சம்மதித்திருக்கிறார். வலை பின்னும் ஊசியையும் நூலையும் கையோடு கொண்டுவருவாராம்.