நூறா, இருநூறா?

“ஆர் பேஸ், ஏ கோர், எஸ்1 எஸ்2” என்று போர்மேன் குரல் கொடுத்தார். உதவிப் பொறியாளரான இளம்பெண் நோட்டில் குறிக்கவில்லை. “டார்ச் அடிச்சு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணே.”

“பார்த்தாச்சு மேடம். எஸ்1 எஸ்2தான். எஸ்3 காலியா இருக்கு.”

அதன்பிறகே பேனா நகர்ந்தது.

கொங்குப் பகுதியின் ஒரு துணை மின்நிலையம் அது. 110 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரத்தை 11 கிலோவோல்ட்டாக இறக்கி ஊருக்குக் கொடுக்கிறது. அங்கிருந்த பழைய மின்மாற்றியை எடுத்துவிட்டு 16 எம்.வி.ஏ. திறனுள்ள புதியதை நிறுத்தியிருந்தார்கள். அதை மின்னேற்றும் முன் ரிலே சோதனைக் குழுவினர் செய்யும் வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். எல்.சி. (லைன் கிளியர்) வாங்கி, எர்த் ராடு மாட்டி, யார்டில் ஒவ்வொரு கரன்ட் டிரான்ஸ்பார்மரின் அடியிலும் உள்ள பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் வாயில் அது எப்போதும் ‘சி.டி.’தான்.

மின்மாற்றியின் இரு புறமும் சி.டி.க்கள் உண்டு. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் சிறிதாக்கி அவை ரிலேவுக்கு அனுப்புகின்றன. இரண்டும் ஒத்துப்போனால் ரிலே சும்மா இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே சுருள் எரிகிறது என்று கருதி, இரு பக்க பிரேக்கர்களையும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துவிடும். இங்கிலாந்தின் நியூகாசிலில் சார்லஸ் மெர்ஸும் பெர்னார்டு பிரைஸும் 1904இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. டிஃபரன்ஷியல் பாதுகாப்பின் அடிப்படை இன்றும் அதுதான்.

கணக்கு கட்டுப்பாட்டு அறைப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. 16 எம்.வி.ஏ. முழுச் சுமையில் 110 கிலோவோல்ட் பக்கம் 84 ஆம்பியர். 11 கிலோவோல்ட் பக்கம் 840 ஆம்பியர். மேல் பக்கத்தில் 100/1 சி.டி., கீழ்ப் பக்கத்தில் 1000/1 சி.டி. என்றால் இரண்டு பக்கமிருந்தும் ரிலேவுக்கு 0.84 ஆம்பியர் வரும். அச்சுக் குத்தியதுபோல் பொருந்துகிறது. சிக்கல் என்னவென்றால், மேல் பக்கத்து சி.டி. 200-100/1. எஸ்1, எஸ்2 முனைகளில் கம்பியை மாட்டினால் நூறு. எஸ்1, எஸ்3 முனைகளில் மாட்டினால் இருநூறு. இரண்டு முனைகளுக்கும் நடுவே விரல் அகலம்கூட இல்லை.

அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதைப் போர்மேன் தன் பழைய அனுபவம் ஒன்றிலிருந்து சொன்னார். வேறொரு ஊர். ஆர் பேஸ் சி.டி. பழுதாகிப் புதிதாக மாற்றினார்கள். ஒரே சி.டி.க்குள் வேலைக்கொன்றாக இருக்கும் கோர்களில் மீட்டர் கோர், ஓவர்கரன்ட் கோர் இரண்டையும் சரியாக நூறில் மாட்டியவர்கள், டிஃபரன்ஷியல் கோரை மட்டும் இருநூறில் விட்டுவிட்டார்கள். பகலெல்லாம் மின்மாற்றி ஒழுங்காக ஓடியது. அம்மீட்டரில் மூன்று பேஸும் சமம். விளக்கு வைக்கும் நேரத்தில் சுமை ஏறியதும் டிரிப். புக்ஹோல்ஸ் ரிலேவில் வாயு இல்லை. மெக்கரில் காப்புத்தடை நன்றாகவே இருந்தது. மீண்டும் ஏற்றினார்கள், ஓடியது. மறுநாள் மாலை மறுபடியும் டிரிப்.

சுமை குறைவாக இருக்கும்வரை அந்தப் பிழை ஒளிந்தே இருக்கும். ஆர் பேஸில் மேல் பக்கம் பாதி மின்னோட்டத்தைத்தான் காட்டுகிறது. ஆகவே சுமையில் பாதி எப்போதும் வேறுபாடாகவே தெரியும். ரிலேவின் தொடக்க அளவு 30 சதவீதம் என்று வைத்தால், சுமை 60 சதவீதத்தைத் தொடும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். “மின்மாற்றியை ரெண்டு நாள் சந்தேகப்பட்டாங்க சார். பாவம், அது என்ன பண்ணுச்சு?” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது.

முன்பு இந்தப் பொருத்தமெல்லாம் கம்பியிலேயே நடந்தது. பல்லாவரம் இங்கிலீஷ் எலக்ட்ரிக்கிலும் ஓசூர் ஈசன் ரெய்ரோலிலும் தயாரான ரிலேக்கள் தமிழகத்துப் பேனல்களில் நிறைந்திருந்த காலம். டெல்டா-ஸ்டார் மின்மாற்றி இரு பக்க மின்னோட்டங்களுக்கிடையே 30 பாகை திருப்பத்தை உண்டாக்கும். அதைச் சரிக்கட்ட ஸ்டார் பக்கத்து சி.டி.க்களை டெல்டாவில் இணைக்க வேண்டும். டெல்டாவில் மின்னோட்டம் 1.732 மடங்காகிவிடும் என்பதால் 0.577 ஆம்பியர் வெளியீடுள்ள சி.டி.க்களையே தனியாக வாங்கினார்கள். அப்படியும் மீதி இருந்த வித்தியாசத்துக்கு இடையில் ஒரு துணை சி.டி. அதன் முனைகளைக் கூட்டிக் குறைத்தே மூத்தவர்களின் நாள்கள் கழிந்தன.

இப்போது நியூமெரிக்கல் ரிலேவில் மின்மாற்றியின் திறன், வோல்ட்டேஜ், இணைப்பு வகை, சி.டி. விகிதம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தால் போதும். 100/84 என்று அதுவே 1.19 என்ற பெருக்கெண்ணைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. பாகைத் திருப்பத்தையும் கணக்கிலேயே நேர்செய்துவிடுகிறது. பெரிய வசதிதான். ஆனால் நூறு என்று எழுதினால் நூறு என்றுதான் அது நம்பும். வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் கம்பி எந்த முனையில் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. என் பார்வையில் இந்தத் தொழிலின் கனம் இப்போது முழுக்க அந்தப் பெட்டியைத் திறப்பவர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

அதனால்தான் கண்ணால் பார்த்ததையும் அவர்கள் நம்புவதில்லை. கம்பியின் நுனியில் உள்ள ஃபெருல் எழுத்தைப் படித்தார்கள்: ஏ என்றால் டிஃபரன்ஷியல், சி என்றால் ஓவர்கரன்ட், டி என்றால் மீட்டர். பிறகு சி.டி.யின் பிரைமரியில் 50 ஆம்பியர் செலுத்தி, ரிலே முனையில் அரை ஆம்பியர் வருகிறதா என்று ஒவ்வொரு கோராகப் பார்த்தார்கள். பேட்டரியைத் தொட்டு எடுத்து, முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை வைத்துத் துருவத்தை உறுதிசெய்தார்கள். மின்னோட்டம் ஓடும்போது சி.டி.யின் செகண்டரி திறந்துகொண்டால் அந்த முனைகளில் ஆளையே கொல்லும் வோல்ட்டேஜ் எழும். ஆகவே ஒவ்வொரு லிங்க்கையும் இறுக்கிய பிறகு கையால் ஆட்டிப் பார்த்தார் போர்மேன்.

மதியத்துக்கு மேல் ஸ்டெபிலிட்டி சோதனை. 11 கிலோவோல்ட் பக்கத்தை சி.டி.க்களுக்கு அப்பால் மூன்று பேஸும் சேர்த்துக் குறுக்குச்சுற்றாக்கி, 110 கிலோவோல்ட் பக்கத்தில் சாதாரண 415 வோல்ட் கொடுத்தார்கள். மின்மாற்றியின் மின்மறுப்பு 10 சதவீத அளவில் இருந்ததால் மேல் பக்கத்தில் மூன்று ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது. இரண்டு பக்கத்து சி.டி. கம்பிகளிலும் கிளாம்ப் மீட்டர் 31, 32 மில்லி ஆம்பியர் காட்டியது. ரிலே திரையில் டிஃபரன்ஷியல் பூஜ்ஜியம். சப்ளையை நிறுத்தி, கீழ்ப் பக்கத்து சி.டி. கம்பிகளை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றி மறுபடி கொடுத்தார்கள். இப்போது இரண்டும் கூடி, முழுச் சுமையின் ஏழரைச் சதவீதம் வேறுபாடாக எழுந்தது. சரியாக இருக்கும்போது அமைதியாக இருந்தால் போதாது. தவறு நடந்தால் எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது பொறியாளரின் பிடிவாதம். கம்பிகளைப் பழையபடி மாற்றி, மூன்றாம் முறையும் சோதித்த பிறகே சப்ளையைக் கழற்றினார்கள்.

மின்னேற்றிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. சுமை 40 சதவீதத்துக்கு வந்ததும், மேல் பக்கச் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் டேப் ஐந்தில் இருக்க, இரு பக்கமும் 0.336 ஆம்பியர் என்று குறித்தார்கள். அடுத்து ஒன்பதாம் டேப்புக்கு மாற்றச் சொன்னார் பொறியாளர். மேல் பக்கச் சுற்றுகள் 5 சதவீதம் குறைந்தன. டிஃபரன்ஷியல் 2 சதவீதமாக ஏறியது. கடைசியான பதினேழாம் டேப்பில், முழுச் சுமையில் அது பதினெட்டை நெருங்கும் என்று கணக்குப் போட்டு, ரிலே பொறுத்துக்கொள்ளும் 30 சதவீதச் சரிவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, டேப் எண்ணோடு பதிவேட்டில் எழுதினார். போர்மேன் அதன் கீழே மூன்று பேஸுக்கும் தனித்தனியாக எஸ்1 எஸ்2 என்று எழுதிக் கையெழுத்திட்டார்.