பனிக்காலத்துக்கு என்ன கலர்?

முதல்ல ஒரு வாக்குமூலம். எனக்கு இப்போ ஊசியில நூல் கோர்க்கத் தெரியும். கண்ணாடி போட்டுக்கிட்டுதான், ஆனாலும் தெரியும் :-)

நடந்தது என்னன்னா, எங்க ஊர் (மின்னசோட்டா, ஜனவரியில மைனஸ் இருபத்தஞ்சு எல்லாம் சர்வசாதாரணம்) கம்யூனிட்டி சென்டர்ல குவில்ட் தைக்கச் சொல்லித்தர்றாங்கன்னு தங்கமணி பணம் கட்டிட்டு வந்தாங்க. ஆறு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில ஷிப்ட் மாறிடுச்சு. கட்டின காசு திரும்பி வராது. "நீங்க சும்மாத்தானே இருக்கீங்க, போய்ட்டு வாங்க"ன்னு உத்தரவு. வாரம் பூரா சர்வரோட மல்லுக்கட்டறவனைப் பார்த்து சும்மா இருக்கான்னு சொல்ல உலகத்துல ஒருத்தராலதான் முடியும். போனேன். அறுபது தாண்டின பதினோரு அம்மணிகள், நடுவுல நான்.

குவில்ட்னா தெரியாதவங்களுக்கு: துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மேல்பக்கம் பண்ணி, கீழ ஒரு முழுத்துணி, நடுவுல பஞ்சுத் தகடு, மூணையும் சேர்த்துத் தையல் ஓட்டுற போர்வை. நம்ம நாட்டுக்குப் புதுசில்லை. வங்காளத்துல காந்தா, பீகார்ல சுஜனி, வட கர்நாடகத்துல கவுதி, உத்தர கன்னடத்துல சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கிற கவந்தி. எல்லாமே கிழிஞ்ச துணியில பிறந்தது.

டீச்சரம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு இருக்கும். இந்தத் தடவை எல்லாரும் பனிக்காலம்ங்கற விஷயத்தை வெச்சுத்தான் தைக்கணும்னுட்டாங்க. அவங்கவங்க கலர் தேர்ந்தெடுக்கணும். பதினோரு பேரும் வெள்ளை, ஐஸ் நீலம், சாம்பல், வெள்ளி ஜரிகை மாதிரி ஒண்ணு, ஓரத்துல ஒரு சொட்டு சிவப்பு. சிவப்பு எதுக்குன்னா இங்க பனிக்காலத்துலயும் ஊரைவிட்டுப் போகாத கார்டினல்னு ஒரு சிவப்புக் குருவி. நானும் பக்கத்து டேபிளைப் பார்த்துக் காப்பி அடிச்சு வெள்ளையும் நீலமும் எடுத்து வெச்சேன். (பழக்கதோஷம். காலேஜ்லயும் அப்படித்தான்.)

டீச்சரம்மா பார்த்துட்டு, "இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு"ன்னாங்க.

அப்புறம் அவங்க சொன்ன பாடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புதுசா தைக்கிறவங்க எல்லாரும் நீலமா பச்சையான்னுதான் பார்ப்பாங்களாம். பார்க்க வேண்டியது வெளுப்பா அடர்த்தியான்னு. எல்லாத் துண்டையும் வரிசையா வெச்சு செல்போன்ல கறுப்பு வெள்ளையில ஒரு படம் எடு. படத்துல எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா, நிஜத்துல எத்தனை கலர் இருந்தாலும் உன் டிசைன் எடுபடாது. இன்னொண்ணு, குளிர்ந்த நிறம் மட்டுமே வெச்சா குளிர் தெரியாது. பக்கத்துல ஒரு துளி துரு நிறமோ மஞ்சளோ இருந்தாத்தான் நீலம் நிஜமாக் குளிரும். சாம்பார்ல வெல்லம் போடற கதை.

கடைசியா கேட்டாங்க. "உங்க ஊர்ல பனிக்காலம் உண்டா? உண்டுன்னா அந்தக் கலரை வை."

இங்கதான் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சது. மன்னிக்கணும்.

நான் பிறந்தது இடுக்கி மாவட்டம், மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துல. கேரளாதான், ஆனா லயத்துல பேச்சு தமிழ். எங்கப்பா வழி எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து போனவங்க. அம்மா பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை. அதுவும் தமிழ்நாட்டு எல்லை, அங்கயும் தமிழ். ஆக எனக்குத் தெரிஞ்ச கேரளாவுக்கு ரெண்டு ஓரம் மட்டும்தான், நடுவுல இருக்கறதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாப் பார்த்ததுதான்.

ரெண்டு ஓரத்துக்கும் ரெண்டு பனிக்காலம். கொழிஞ்சாம்பாறையில பனியே கிடையாது, காத்துதான். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக் கொடுத்திருக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியா மார்கழியில கிழக்குக் காத்து அடிச்சா உதடு வெடிக்கும், பனைமட்டை ராத்திரி பூரா தடதடன்னு பேசும். கலர்னு பார்த்தா புழுதி, காஞ்ச கடலைச்செடி, பழுப்பு. அவ்வளவுதான்.

மூணாறு வேற. டிசம்பர் கடைசி, ஜனவரியில மேகமும் காத்தும் இல்லாத ராத்திரிகள் வரும். விடிஞ்சு பார்த்தா பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி இருக்கும். செண்டுவாரை, லட்சுமி, சைலண்ட்வேலி எஸ்டேட் பக்கமெல்லாம் அதிகம். 2019 ஜனவரியில சுழியத்துக்குக் கீழ போச்சு, 2023 ஜனவரியிலயும் போச்சு. ரெண்டு தடவையும் கார் கார்களா வந்து புல்லை உள்ளங்கையில வெச்சுப் படம் எடுத்துப் போட்டாங்க. அழகுதான், இல்லைங்கலை.

ஆனா எங்க லயத்துல அந்த வெள்ளையை யாரும் அழகுன்னு சொல்லி நான் கேட்டதில்லை. பனி விழுந்த செடி மேல வெயில் ஏறினா கொழுந்து கருகிடும். ரெண்டு மூணு நாள்ல அடுப்புல வாட்டின மாதிரி செம்புப் பழுப்பு. அப்புறம் இலை துளிர்க்க வாரக்கணக்கு ஆகும். பறிக்கிறவங்களுக்கு நாள் கூலி போக, ஒரு அளவுக்கு மேல பறிச்சாத்தான் கிலோக் காசு. வீட்டுல நல்லெண்ணெய், ஸ்கூல் நோட்டு, தீபாவளிக் கடன் எல்லாம் அந்தக் கிலோக் காசுல ஓடுறது. காலையில கதவைத் திறந்து வெள்ளையாப் பார்த்தா அம்மா "போச்சு"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாங்க. டீச்சரம்மாகிட்ட இதைச் சொன்னேன். என் வெள்ளைத் துணியை எடுத்துப் பையிலயே போட்டுட்டாங்க.

அடுத்த வாரம் நான் ஒரு பழைய சாமான் கொண்டு போனேன். பேஸ்மென்ட் பெட்டியில கிடந்த போர்வை.

1996-ல எனக்கு ஹரியானாவுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சீட் கிடைச்சது. அப்பா அப்போ இல்லை. ஹரியானா எங்க இருக்குன்னு லயத்துல யாருக்கும் தெரியாது, ஆனா "வடக்க பனி கொல்லும்"னு எல்லாருக்கும் தெரியும். பாலக்காட்டுல கேரளா எக்ஸ்பிரஸ் பிடிக்கணும்ங்கறதால ஒரு வாரம் முன்னாடியே கொழிஞ்சாம்பாறை தாத்தா வீட்டுக்குப் போனோம். அங்க ஒரு கைமெஷின் இருந்தது. அம்மா தன்னோட பழைய சேலைகளும், மாமா பொள்ளாச்சி சந்தையில எடை போட்டு வாங்கிட்டு வந்த திருப்பூர் கட்பீசும் வெச்சு ஒரு போர்வை தைச்சாங்க.

அந்த வாரத்துல எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். அம்மா ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அடியில உள்ளங்கையை வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாங்க. கை தெரிஞ்சா அந்தத் துண்டு ஒரு பக்கம். தெரியலைன்னா இன்னொரு பக்கம். நல்ல வெளிர் மஞ்சள்ல ஒரு துண்டு, வெள்ளையில சின்னச் சின்ன ரோஜாப்பூ போட்டது ஒண்ணு, எல்லாம் கழிச்சுக் கட்டிட்டு அரக்கு, கரும்பச்சை, காக்கி, கருநீலம்னு எடுத்தாங்க. "ஏம்மா இப்படி சாமியார் மடத்துப் போர்வை மாதிரி"ன்னு நான் கத்தினேன். எனக்குப் பதினெட்டு வயசு, ஹாஸ்டல்ல மானம் போயிடுமேன்னு கவலை. "அழுக்குத் தெரியாது கண்ணு"ன்னுட்டாங்க. நானும் நம்பிட்டேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல நம்பிக்கிட்டிருந்தேன். தமிழ்நாட்டு எல்லா அம்மாவும் சொல்ற பதில்தானே.

அந்தப் போர்வையைத்தான் கிளாசுக்குக் கொண்டு போனேன். அம்மணிகள் எல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. டீச்சரம்மா அலபாமாவுல இருக்கிற கீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் தைச்ச குவில்ட் பத்தி ஒரு புத்தகம் எடுத்துக் காட்டினாங்க. வயல்ல உழைச்சுக் கிழிஞ்ச பேண்ட், சட்டையில தைச்சது. 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துல வெச்சாங்க, அப்புறம் நியூயார்க் விட்னியில, 2006-ல அமெரிக்கத் தபால் தலையே வந்தது. "உங்க அம்மா இவங்களோட சேர்ந்தவங்க"ன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை.

அப்புறம் போர்வையைத் திருப்பி, ஓரத்துல பிரிஞ்ச இடத்தை விரலால விலக்கிப் பார்த்தாங்க. உள்ள கறுப்பா முரட்டு ரோமம். "இது பஞ்சு இல்லையே. கம்பளி மாதிரி இருக்கு. சரிதான், அதனாலதான் மேல எல்லாம் அடர்த்தியான கலர்"ன்னாங்க. எப்படின்னு கேட்டேன். இது குவில்ட் தைக்கிறவங்களுக்கு அரிச்சுவடி. உள்ள வைக்கிறது கறுப்பா இருந்தா மேல வெளிர் துணி போடக்கூடாது, நிழல் மாதிரித் தெரியும், அழுக்குப் பிடிச்ச மாதிரி ஆகிடும். கடையில கறுப்புப் பஞ்சுத் தகடுன்னு தனியாவே விக்கிறாங்க, கருநிறக் குவில்ட்டுக்கு.

உள்ளங்கையை வெச்சுப் பார்த்தது அதுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து கார்லயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுல கறுப்புக் கம்பிளி ஒண்ணே ஒண்ணுதான். மழைக்கும் குளிருக்கும் தொழிலாளிக்குக் குடை, கம்பிளி, மழைக்கோட்டு மாதிரி ஏதாவது தரணும்னு மாநில அரசுகள் விதி போடலாம்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல ஒரு பிரிவே இருந்தது, பதினேழாவது. பறிக்கப் போற பெண்கள் அந்தக் கம்பிளியைத் தலையில மடிச்சுப் போட்டு முதுகு வரைக்கும் தொங்க விட்டிருப்பாங்க. மூணாறு மழை பார்த்தவங்களுக்குத் தெரியும், ஜூன்ல பிடிச்சா விடாது. நான் ரயிலேறினது ஜூலை.

ராத்திரி ஒன்பது மணி இங்க, அங்க காலை. அம்மா இப்போ கொழிஞ்சாம்பாறையிலதான், மாமா வீட்டுப் பக்கத்துல. எஸ்டேட்ல ஓய்வு வாங்கினா, வீட்டுல வேற யாரும் வேலையில இல்லைன்னா லயத்தைக் காலி பண்ணணும். நான் வேலைக்குப் போனது இங்க, அந்த எஸ்டேட்டுக்கு இல்லையே.

"அம்மா, அந்த ஹரியானா போர்வைக்குள்ள என்ன வெச்சுத் தைச்சீங்க?"

"எதுக்கு இப்போ? பிரிஞ்சிருச்சா? உள்ளார கம்பிளி வெச்சேன். ஏன், குத்துதா?"

"உங்க கம்பிளியா?"

"பின்ன யாரோடது."

"அந்த வருஷம் மழைக்கு என்ன பண்ணீங்க?"

"உரச்சாக்கு பிளாஸ்டிக்கு இருந்துச்சு கண்ணு. எல்லாரும் போட்டாங்க. அது நனையாது, கம்பிளியாட்ட தண்ணி குடிச்சு கனக்காது."

"குளிருக்கு?"

"வேலை செஞ்சா குளிர் என்ன தெரியும். நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். வேற எதுவும் சொல்லலை, எனக்கும் வேற கேட்கத் தெரியலை. அந்த வருஷம் டிசம்பர் லீவுக்கு நான் ஊருக்குப் போகலை, டிக்கெட் செலவுன்னு. ஹாஸ்டல்ல போர்வையைப் போர்த்திக்கிட்டு, மூக்குல ஒரு ஆட்டு வாசனை அடிக்குதேன்னு எரிச்சல்பட்டது ஞாபகம் வந்தது. ரெண்டு தடவை நாப்தலீன் உருண்டை வாங்கிப் போட்டேன்.

தங்கமணிகிட்ட சொன்னேன். அவங்க போர்வையை எடுத்துட்டுப் போய்ப் பிரிஞ்ச ஓரத்தை அன்னைக்கே தைச்சுட்டாங்க. பேசிக்கலை.

சரி, கலர் விஷயத்துக்கு வர்றேன். இப்போ தைக்கிறது அம்மாவுக்கு. துரு நிறம் எடுத்திருக்கேன், கருகின கொழுந்துக்கு. மூணாறுல கிராண்டிஸ்னு சொல்ற யூகலிப்டஸ் இலையைக் கொதிக்க வெச்சாலே கிட்டத்தட்ட இந்த நிறம் பட்டுலயும் கம்பளியிலயும் ஏறும். மூணாறுல ஆரண்யான்னு ஒரு சாயக்கூடம் இருக்கு. எஸ்டேட் குடும்பங்கள்ல மாற்றுத்திறனாளியாப் பிறந்த பிள்ளைங்க வேலை செய்யற இடம், இலை தழை தேயிலைக் கழிவுன்னு இயற்கைச் சாயம்தான் போடுவாங்க. போன தடவை அங்க வாங்கின சாம்பல் துணி ரெண்டு கஜம் இருக்கு. தேயிலையும் இரும்பும் சேர்ந்தா வர்ற சாம்பல் மாதிரி, விடிகாலைப் புகை நிறம். அப்புறம் தேயிலைக் கரும்பச்சை. கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தா மூணும் ஒரே மாதிரி மங்கல். வெளுப்பா ஒண்ணு கட்டாயம் வேணும். வெள்ளை வைக்க எனக்கு மனசு வரலை.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவையே கேட்டேன்.

"எனக்கு எதுக்கு போர்வை, இங்க வேகுது"ன்னு முதல்ல அரை மணி நேரம் சண்டை. மார்கழிக் காத்துக்கு வேணும்மான்னு சமாளிச்சேன். அப்புறம் தைக்கிற புத்தி வந்துடுச்சு அவங்களுக்கு.

"உள்ளார என்ன வெக்கிறே?"

"பஞ்சுதாம்மா. வெள்ளைப் பஞ்சு."

"வெள்ளையா? அப்ப எந்தக் கலரு வேணா வெக்கலாமே."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் போயிடுச்சோன்னு பார்த்தேன்.

"அன்னைக்கு மாமன் வாங்கியாந்ததுல ஒரு மஞ்சத் துண்டு இருந்துச்சு பாரு, எலுமிச்சங்காய் கலர்ல. அதாட்ட கிடைக்குமா அங்க?"

மூணு கடை ஏறி இறங்கிட்டேன். எலுமிச்சை மஞ்சள்னா இந்த ஊர்ல கண்ணைக் குத்துற மஞ்சளைத்தான் எடுத்துக் காட்டறாங்க. வர்ற சனிக்கிழமை டீச்சரம்மா தன்னோட பெட்டியில தேடிப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க.