காந்தி மார்க்கெட் மொட்டைமாடியில் ஒரு கறுப்பு கேபிள்

திருச்சி காந்தி மார்க்கெட்டை விடிவதற்கு முன் பார்க்க வேண்டும். லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. தலைச்சுமையோடு வருபவர்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மல்லித்தழை வாசனையும் வெங்காயச் சருகும் தெரு முழுக்க. சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரம் பறந்து வந்த எனக்கு அந்த இரைச்சலே திகட்டவில்லை. ஆனாலும் நான் அசந்து நின்றது உறவினர் ஒருவருடைய மண்டியின் மொட்டைமாடியில்தான்.

மண்டிக்கும் பால்பண்ணைப் பக்கம் இருக்கும் கிடங்குக்கும் ஒயர்லெஸ் இணைப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே பார்த்தால் 83 மீட்டர் உயர மலைக்கோட்டை, மாடியில் நிற்பவனை மேலிருந்து பார்க்கிறது. அந்தப் பாறையைத் துளைத்து அலை போகாது. அதற்கு அப்பால் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு இணைப்பு கேட்டிருந்தால் பெரும்பாடு. கிடங்கு கிழக்கே இருந்தது நல்லதாயிற்று. 1939-லேயே வானொலி நிலையம் வந்துவிட்ட ஊர் இது. ஆன்டெனா என்றால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

ரேடியோவைக் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். அங்கிருந்து ஆன்டெனாக் குழாய் வரை 25 மீட்டர். "கேபிள் டிவி ஒயரு கிடக்குதே தம்பி, அதை இழுத்துவிடேன்" என்றார், இணைப்பு போட வந்த பையனிடம்.

"அது 75 ஓம், முதலாளி. ரேடியோவும் ஆன்டெனாவும் 50 ஓம். சேராத இடத்துல சிக்னல் கொஞ்சம் திரும்பி வந்துடும்."

இரண்டு கேபிள் துண்டுகளை எடுத்துக் காட்டினான் அந்தப் பையன். ஒன்று பென்சிலைவிட மெல்லிய ஆர்ஜி-58. இன்னொன்று விரல் தடிமன் எல்எம்ஆர்-400. மெல்லியதில் நடுவே செம்பு, தடித்ததில் செம்பு போர்த்திய அலுமினியம். இரண்டிலும் அதைச் சுற்றி வெள்ளை இன்சுலேஷன், அதன்மேல் பின்னிய வலை, கறுப்புத் தோல். வெட்டுவாயை விளக்கில் பிடித்துப் பார்த்தேன், அத்தனை நேர்த்தி! இணைப்பு ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலைவரிசையில் மெல்லிய கேபிள் மீட்டருக்கு ஒரு டெசிபலையாவது தின்றுவிடும். 25 மீட்டர் ஏறுவதற்குள் முந்நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தடித்ததில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். அதுவும் அவனுக்குப் போதவில்லை. ரேடியோவையே மாடிப்படிக் கூண்டின் நிழலுக்குக் கொண்டுபோனான். இப்போது ஆன்டெனாவுக்கு 6 மீட்டர் கேபிள் போதும், முக்கால் பங்கு போய்ச் சேரும். கீழே கல்லா வரைக்கும் சாதாரண நெட்வொர்க் கேபிள். மார்க்கெட் எலிகளுக்குப் பயந்து அதை இரும்புக் குழாய்க்குள் இறக்கினார்கள்.

மற்றதெல்லாம் பொறுமைதான். கேபிளை எங்கும் மடக்கவில்லை, அகலமாக வளைத்தான். கூண்டுக்குள் நுழையும் முன் ஒரு தொய்வு விட்டான், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடிதாங்கியைச் செம்புக் கம்பியால் எர்த்தோடு சேர்த்தான். வெயிலில் பொடிந்துபோகும் வெள்ளை கேபிள் டை வேண்டாம் என்று கறுப்பு டை வாங்கி வரச் சொன்னான்.

கனெக்டருக்கு ரப்பர் டேப் சுற்றியதைத்தான் நான் மறக்க மாட்டேன். டேப்பை இழுத்து இழுத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி, ஓடு வேய்வதுபோலச் சுற்றினான். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு விளிம்பிலும் தண்ணீர் தங்கி உள்ளே இறங்கும். பின்னலில் ஒருமுறை ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கேபிளைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அவசரமே இல்லாத அந்த விரல்களுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கிடங்கின் இருப்புக் கணக்கு மண்டியின் திரையில் வந்துவிட்டது.

கடைக்கோ தோட்டத்துக்கோ ஒயர்லெஸ் போடப் போகிறவர்கள் ஆன்டெனா விலையைப் பிறகு பேசுங்கள். முதலில் கேபிள் விற்பவரிடம், உங்கள் அலைவரிசையில் 100 மீட்டருக்கு எத்தனை டெசிபல் இழப்பு என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.